முதலாளியும் அக்காவும்

தெருவுக்குக் கோடு போடுகிற அந்தக் குழுவில் இரண்டு சொற்களுக்கு, வெளியே யாருக்கும் தெரியாத பொருள் இருந்தது. 'முதலாளி' என்றால் வேன் ஓட்டுகிறவர். டீ வாங்கி வருகிறவர். சாலையை மறிக்கிற ரப்பர் கூம்புகளை இறக்கி வரிசையாக வைத்து, வேலை முடிந்ததும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஏற்றுகிறவர். 'அக்கா' என்றால் மற்றதெல்லாம். எந்த வேலையை எடுப்பது, யாரைச் சேர்ப்பது, கோடு என்ன அகலம், வெள்ளையா மஞ்சளா, இன்றைக்குப் போடலாமா நாளைக்கா என்று யார் வந்து கேட்டாலும், குழுவில் எவரும் யோசிக்காமல் சொல்கிற பதில் ஒன்றுதான்: "அக்காவைக் கேக்கணும்."

இந்த முதலாளி அந்த அக்காவின் கணவர்.

பெயர் வந்த கதை சின்னது. அவர் பஸ் ஓட்டிய கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரை, "வேன் ஓட்ட ஆளில்ல, வாங்களேன்" என்று அக்கா கூப்பிட்டார். என்ன மாதிரி வேலை என்று தெரியாமல், பஸ்ஸுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முதல் நாள் வந்துவிட்டார். ஓர் ஆஸ்பத்திரியில் கார் நிறுத்துமிடத்துக்குக் கோடு போடுகிற வேலை. அக்காவும் மற்றவர்களும் முழங்கால் போட்டு, மூக்கு நுனி வரை மஞ்சள் பெயிண்டோடு தரையில் கிடந்தார்கள். ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வந்து, "இங்க முதலாளி யாரு?" என்று கேட்டார். கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டார். இவரும் கையைக் கொடுத்தபடியே, "அவங்கள கேளுங்க சார்" என்று தரையைக் காட்டினார். கூட வேலை செய்துகொண்டிருந்த அக்காவின் சித்தி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பிரஷ் நழுவி, நேராகப் போய்க்கொண்டிருந்த கோட்டுக்கு ஒரு வால் முளைத்தது.

அன்றிலிருந்து, "முதலாளி, டீ." "முதலாளி, அந்தத் துணிய எடுங்க." "முதலாளி, வண்டிய நகத்துங்க, உங்க டயர் கோட்டு மேல நிக்குது."

அவருக்கு அதில் வருத்தம் இல்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், ஏதோ பாங்கிலிருந்து போன் வந்ததுபோல் திடுக்கிடுவார்.

ஒன்பது வருடத்தில் அக்கா பிரஷ்ஷிலிருந்து பாய்லருக்கு வந்துவிட்டார். கோட்டுப் பொடியை மூட்டை மூட்டையாகக் கொட்டி, கரண்டியில் எடுத்தால் வழுக்கி ஓடும்வரை உருக்கி, சூட்டோடு சாலையில் இழுக்கிற வேலை அது. உருக்குகிற ஆளுக்கு பாய்லர் என்றே பெயர். முன்கை முழுக்கத் தழும்பு, நாக்கு முழுக்க நக்கல். சித்தி அக்காவின் அம்மாவோடு பிறந்தவர். கோடு ஆறுவதற்குள் அதன்மேல் கண்ணாடி மணிகளைத் தூவுவது அவர் வேலை. இரவில் வண்டி விளக்குப் பட்டால் கோடு மின்னுவது அந்த மணிகளால்தான். சித்தி தூவுவதைப் பார்த்தால் அடுப்பில் கொதிப்பதற்கு உப்புப் போடுவதுபோல் இருக்கும். அளவு பார்ப்பதாகத் தெரியாது. கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கார் நிறுத்துமிடமும் கிடங்கு வாசலும் போதும். சாலைக்குப் போக வேண்டும். ஊர்க்காரர்கள் எல்லாரும் மிதித்துக் கடக்கிற கோடு போட வேண்டும்.

அந்த வருடம் வழி வந்தது. ஊரில் உள்ள பள்ளிக்கூடங்களின் முன்னாலெல்லாம் சாலையைக் கடக்கும் கோடுகளைப் புதிதாகப் போட அரசு டெண்டர் விட்டது. பெண்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கிய வேலை. ஆனால் அவ்வளவு சாலைக்கு அக்காவின் தள்ளுவண்டி பாய்லர் போதாது. பெரிய லாரி பாய்லர் வேண்டும். பெரிய வேலை செய்த அனுபவம் காட்ட வேண்டும். அதற்கும் சட்டத்தில் இடம் இருந்தது. பெரிய கம்பெனி ஒன்றோடு சேர்ந்து கூட்டு நிறுவனம் தொடங்கலாம். பெரும்பங்கு பெண்ணின் கையில் இருக்க வேண்டும். வேலைத்தளத்தில் கடைசிச் சொல்லும் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். பங்கு எழுத்தில் இருந்தால் போதும். சொல் நிஜத்தில் இருக்க வேண்டும்.

பெரிய கம்பெனியிலிருந்து பேச வந்த மேனேஜர் எந்த வெயிலிலும் டையைக் கழற்றாதவர். அவருக்கு டை என்றே பெயர் வைத்துவிட்டார் பாய்லர். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது, அவசரக்காரர். முதல் பேச்சிலேயே, "நீங்க ஒண்ணுக்கும் கஷ்டப்பட வேணாம் மேடம். கையெழுத்து மட்டும் போட்டா போதும், மத்தத நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

"அப்ப நான் எதுக்கு?" என்றார் அக்கா.

டை சிரித்துப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை.

"உங்க லாரி வேணும் எனக்கு. என் பேரு வேணும் உங்களுக்கு. ரெண்டும் வெளிப்படை. ஆனா ரோட்டுல நான் நிறுத்துன்னா நிறுத்தணும், போடுன்னா போடணும். இது சரின்னா டீ சாப்பிடுவோம். இல்லேன்னாலும் டீ சாப்பிடுவோம், அதுக்கப்புறம் நீங்க கிளம்பலாம்."

டீயோடு முடிந்தது பேச்சு. கூட்டு நிறுவனம் பிறந்தது. டெண்டரில் முதலிடமும் வந்தது.

வந்த வாரமே புகாரும் வந்தது. தோற்றுப்போன ஒரு கம்பெனி அரசுக்கு எழுதியிருந்தது: அந்த நிறுவனம் பெண்ணுடையது என்பது பேருக்குத்தான், நடத்துவது புருஷன், சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள், அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்த ஆளைத்தான் முதலாளி என்று கூப்பிடுகிறார்கள்.

பொய் ஒன்றும் இல்லை அதில். தெருவில் நின்று காதால் கேட்டதை எழுதியிருந்தார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் மாதிரிக் கோடு ஒன்று போட்டுக் காட்ட வேண்டும். அன்றைக்கே சரிபார்ப்பு அதிகாரி வந்து யார் நடத்துகிறார்கள் என்று பார்ப்பார். பேருக்குத்தான் என்று அவர் எழுதிவிட்டால் டெண்டர் போகும். பெண்கள் நிறுவனம் என்கிற பதிவும் போகும். அக்கா மறுபடி கார் நிறுத்துமிடத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

சேதியைக் கேட்ட அன்று முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பள்ளிக்கூடத் தெருக்களின் வரைபடம் ஒரு மாதமாக விரித்தே கிடந்தது. அதன் ஓரத்தில்தான் எல்லாரும் தட்டு வைத்துச் சாப்பிடுவது. "பள்ளிக்கூடத்து மேல சோத்த சிந்தாதீங்க" என்று மகள் அதட்டினாள். அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே கொட்டகையில் அடுக்கியிருந்த பொடி மூட்டைகளைப் பார்த்தார். தன்மேல் ஒட்டிக்கிடக்கிற ஒரு வார்த்தை இவள் வேலையைக் கெடுக்கப் போகிறதே என்று நினைத்தார். சம்பாதித்த பேராக இருந்தாலாவது பரவாயில்லை. தேய்த்த சட்டைக்குக் கிடைத்த பேர்.

மறுநாள் அக்கா பள்ளிக்கூடத்துத் தெருவை அளக்கப் போயிருந்தபோது, கொட்டகையில் ஆட்களைக் கூட்டினார்.

"இனிமே என்னை யாரும் முதலாளின்னு கூப்பிடக் கூடாது. அவளைத்தான் முதலாளின்னு கூப்பிடணும். அதிகாரி வந்துட்டுப் போற வரைக்கும்."

"உங்கள என்னன்னு கூப்பிடுறது முதலாளி?" என்றார் பாய்லர்.

"பேரச் சொல்லிக் கூப்பிடு."

பாய்லர் சித்தியைப் பார்த்தார். சித்தி பாய்லரைப் பார்த்தார்.

"பேரு என்ன?" என்றார் பாய்லர்.

"சரி, டிரைவர்னு கூப்பிடுங்க. இப்ப ஒத்திகை பாக்கலாம். சித்தி, அவ அங்க நிக்கிறதா நெனச்சுக்கங்க. கூப்பிடுங்க பாக்கலாம்."

சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பொடி மூட்டைகளைப் பார்த்து, மேடையில் நிற்பவரைப்போல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முதலாளி, மணி தூவட்டுமா?"

"தூவுங்க சித்தி" என்றார் முதலாளி.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பாய்லர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்துவிட்டார்.

"நீங்க எதுக்கு பதில் சொல்றீங்க?"

"வாய் தானா வருதுப்பா. இன்னொரு தடவை."

"எனக்கு இது ஆகாது மாப்பிள்ளை" என்றார் சித்தி. "அவளுக்கு மூக்கு சிந்திவிட்டவ நான். அக்கான்னு கூப்பிடுறதே, நீங்க எல்லாரும் கூப்பிடுறீங்களேன்னு ஒட்டிக்கிட்டது. பெத்த பொண்ணு மாதிரி இருக்கறவள நான் அக்கான்னு கூப்பிடுறேன், அதையே தெருவுல நாலு பேர் சிரிக்கிறாங்க. இதுல முதலாளி வேறயா?"

மறுபடி ஒரு தடவை பார்த்தார்கள். இந்த முறை முதலாளி உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். ஆனால் கூப்பிட்ட திசைக்குத் தலை திரும்பிவிட்டது. மூன்றாம் முறை நடந்துகொண்டிருக்கும்போதுதான் அக்கா உள்ளே வந்தார். கையில் அளவு நாடா, காலில் தெருத் தூசி.

"என்ன நடக்குது?"

சித்தி, "உன் புருஷன் உனக்கு முதலாளி வேல போட்டுக் குடுக்குறாரு" என்றார்.

அக்கா முழுக் கதையையும் கேட்டார். மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒத்திகையெல்லாம் வேணாம். எப்பவும் எப்படிக் கூப்பிடுறீங்களோ அப்படியே கூப்பிடுங்க. வர்றவங்களுக்குக் காது இருக்கு, கேக்கட்டும். கண்ணும் இருக்கும்ல."

"காது மட்டும் இருந்துட்டா?" என்றார் முதலாளி.

"இருந்துட்டா கார் பார்க்கிங் இருக்கு. அதுவும் நம்ம கோடுதானே." சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்து உள்ளே போனார். சொன்ன தொனியிலேயே முதலாளிக்குத் தெரிந்துவிட்டது, அவர் மனசு மறுபடி அந்தக் கார் பார்க்கிங் பக்கம் போகவே மறுக்கிறது என்று.

மாதிரிக் கோடு போடுகிற நாள் விடிந்தபோது தூறிக்கொண்டிருந்தது. பெரிய மழை இல்லை. வேன் கண்ணாடியில் துடைப்பான் ஒரு தடவை போனால் போதும் என்கிற தூறல். பள்ளிக்கூடத்துத் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் நின்றும் விட்டது. ஆனால் சாலை கறுத்துக் கிடந்தது. விடுமுறை நாள் என்பதால் வாசல் பூட்டியிருந்தது. எதிரே ஒரு பழுது பார்க்கும் கடை, ஒரு பேக்கரி, வாடகைக்கு விடப்படும் என்று எழுதிய ஒரு கட்டடம். பேக்கரியில் முதல் ரொட்டி வெந்துகொண்டிருந்த வாசனை தெரு முழுக்க இருந்தது.

டையின் லாரி முன்பே வந்து நின்றது. அதன் முதுகில் இரண்டு பெரிய பாய்லர்கள்; நம் பாய்லர் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து, சம்பந்தி வீட்டு அடுக்களையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முதலாளி கூம்புகளை இறக்கினார். அக்கா தெருவின் இரண்டு பக்கமும் ஆணி வைத்து, சாக்கட்டித் தூள் தடவிய நூலை இழுத்துக் கட்டி, நடுவில் இரண்டு விரலால் தூக்கி விட்டார். பட்டென்று ஒரு சத்தம். ஈரச் சாலையில் மங்கலாக ஒரு வெள்ளை நேர்கோடு விழுந்தது.

சரிபார்ப்பு அதிகாரி ஒரு நடுவயது அம்மாள். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓரமாக நின்றார். வணக்கம் சொன்னவர்களுக்கு வணக்கம் சொன்னார். உட்கார நாற்காலி கொடுத்ததற்கு வேண்டாம் என்றார். "நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் என் வேலையப் பாக்குறேன்."

அப்போதுதான் அந்த விநோதம் தொடங்கியது. எப்பவும்போலக் கூப்பிடுங்கள் என்று அக்கா சொல்லியிருந்தாலும், ஆட்களுக்குப் பயம். முதலாளி என்றாலும் தப்பு, அக்கா என்றாலும் தப்போ என்று சந்தேகம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சித்தி கைதட்டினார். பாய்லர் "உஸ்ஸு" என்று நாக்கைச் சுழற்றிக் கூப்பிட்டார். மூட்டை வேண்டுமென்றால் மூட்டையைப்போல் கையை அகட்டிக் காட்டினார்கள். ஒன்பது வருடமாகக் கத்திக் கத்தியே வேலை செய்த குழு, துக்க வீட்டில்போல் நடமாடியது.

அதிகாரி இதைச் சிறிது நேரம் கவனித்தார். முதலாளி பக்கத்தில் கூம்பு வைத்துக்கொண்டிருந்தபோது, "ஏன், இங்க யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா? சண்டையா?" என்றார்.

"இல்லீங்க மேடம். எப்பவும் நல்லாப் பேசுவாங்க."

"போன மாசம் ஒரு இடத்துக்குப் போயிருந்தேன். எல்லாரும் வாய் ஓயாம 'எங்க மேடம் எங்க மேடம்'ன்னாங்க. கடைசியில பாத்தா, அந்த மேடத்துக்கு அவங்க ஆபீஸ் எந்த மாடின்னு தெரியல. இங்க என்னடான்னா ஒரு சத்தமும் இல்ல."

முதலாளி, வைத்த கூம்பையே எடுத்து அதே இடத்தில் மறுபடி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து லாரியின்மேல் புதிய பாய்லரின் மூடியைத் திறந்த நம் பாய்லரின் கையுறை மூடியின் கொக்கியில் மாட்டிக்கொண்டது. சூடான ஆவி முகத்துக்கு நேரே வந்தது. பயமும் ஒத்திகையும் மறந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "முதலாளீ!"

முதலாளி கூம்பைப் போட்டுவிட்டு ஓடினார். லாரியில் ஏறி, கொக்கியை விடுவித்து, மூடியைக் காலால் தள்ளிவிட்டு, ஆளைக் கீழே இறக்கினார். கையில் காயம் ஒன்றும் இல்லை. "என்ன முதலாளி, இவங்க மூடி நம்ம மூடி மாதிரி இல்லியே" என்றார் பாய்லர், மூச்சு வாங்கியபடி. சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி ஏதோ எழுதினார். எழுதி முடித்துக் கேட்டார்: "யாரு முதலாளி?"

"நான்தாங்க" என்றார் அவர். உடனே, "ஆனா நான் இல்லீங்க" என்றார். இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்து பொய்போல் கேட்டது. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது அவருக்கு.

அக்கா அப்போது அங்கே இல்லை. தெருமுனையில் நின்று, வண்டிகளைத் திருப்பிவிடுகிற போலீஸ்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். போகுமுன் சாலையில் ஒரு பாலித்தீன் தாளை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். சாலை மேலே காய்ந்ததுபோல் காட்டிவிட்டு உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். தாளின் அடியில் வியர்த்தால் போடக் கூடாது. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். டைக்கும் தெரியும். ஆனால் அவர் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் லாரி வேறோர் ஊரில் நிற்க வேண்டும். உருக்கியது தயார். அதிகாரி வந்தாயிற்று. சாலையும் மேலாக வெளுக்கத் தொடங்கிவிட்டது.

டை நேரே முதலாளியிடம் வந்தார்.

"சார், காஞ்சிருச்சு பாருங்க. மாதிரிக் கோடுதானே. இன்னைக்கு இருந்தா போதும், அப்புறமா வந்து சரி பண்ணிக்கலாம். மேடம் வர்றதுக்குள்ள ஒரு பட்டை இழுத்துரலாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போடலாமா?"

முதலாளி குனிந்து சாலையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையில் ஈரம் ஒட்டவில்லை. டை கேட்டதில் தப்பு இல்லை என்றே தோன்றியது. லாரி போய்விட்டால் இன்னொரு நாள் எப்போது கிடைக்கும், அதிகாரி மறுபடி வருவாரா? அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவர் பிறகுதான் தனக்கே ஒப்புக்கொண்டார். டை கட்டிய ஒரு மனிதர், லாரியும் ஆட்களுமாக, கேலி இல்லாமல், நிஜமாகவே அவரை முதலாளியாக நினைத்துக் கேட்கிறார். லாரிக்காரர்கள் கையைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்க்கிறார்கள். 'போடுங்க' என்று சொன்னால் போதும். நாலே எழுத்து.

வாயைத் திறந்தார்.

"அக்காவைக் கேக்கணும்" என்றார்.

பழுது பார்க்கும் கடையில் யாரோ ஒரு ஸ்பானரைக் கீழே வைத்தார்கள்.

"யாரோட அக்கா?" என்றார் அதிகாரி.

"எங்க..." என்று தொடங்கியவருக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. கல்யாணம் ஆகிப் பதினாறு வருடத்தில் ஒரு நாளும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் 'இந்தா', 'ஏய்', மகளிடம் 'உங்கம்மா'. அவ்வளவுதான். "எங்க வீட்டுக்காரிங்க மேடம். என் பொண்டாட்டி."

முதலில் சிரித்தது சித்திதான். கையிலிருந்த மணி டப்பாவை இறுக்கிக்கொண்டு, அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ மாப்பிள்ளை, பொண்டாட்டிய போய்..." பாய்லர் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். லாரிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். டையே முகத்தைத் திருப்பிக்கொண்டு டையைச் சரிசெய்தார். குழுவுக்குக் குரல் திரும்பிவிட்டது. "முதலாளி, உங்கக்கா வர்றாங்க!" என்று பாய்லர் தெருமுனையைக் காட்டிக் கத்தினார்.

அக்கா வேகமாக வந்தார். எதற்குச் சிரிப்பு என்று கேட்கவில்லை. டேப்பை உரித்துத் தாளைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கப் பனி கோத்திருந்தது. தாளை டையிடம் நீட்டினார்.

"தெரியுது மேடம்" என்றார் டை. "ஆனா லாரி மத்தியானம் அங்க இருக்கணும். எங்க பாஸு..."

"லாரி போனா திரும்பி வரும். இது மேல போட்ட கோடு உரிஞ்சு போனா திரும்பி வராது. திங்கக்கிழமை இந்த வாசல்ல பிள்ளைங்க நிக்கும். மாதிரின்னு அதுங்களுக்குத் தெரியுமா? கோடுன்னு நெனச்சுத்தான் கால் வைக்கும்."

"அப்ப எப்பதான் போடுறது?"

"காயட்டும். தாள் காய்ஞ்சா போடுவோம். உங்க பாஸுக்கு போன் போடுங்க, நான் பேசுறேன். இன்னைக்கு அந்த லாரி கூட்டுக் கம்பெனி வேலைக்கு வந்திருக்கு, நான் அனுப்பினாத்தான் போகும்."

குரலை உயர்த்தவில்லை. அதிகாரி நிற்கும் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவருக்காகச் சொன்ன பேச்சில்லை அது. அவர் இல்லாவிட்டாலும் அதே பேச்சுத்தான். முதலாளி கூம்பின்மேல் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மேசையோரம் தட்டு வைத்துத் தன்னோடு சாப்பிடுகிற ஆள்தானா இது என்று ஒரு கணம் நினைத்தார். ஆமாம், அதே ஆள்தான். வீட்டிலும் இப்படித்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துப் பழகிவிட்டதால் இவருக்குத்தான் அந்த உயரம் தெரியவில்லை.

டை போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். நாலைந்து தடவை "ஆமா சார்" என்றார், ஒரு தடவை "இல்ல சார், அவங்கதான் சொல்றாங்க" என்றார். திரும்பி வந்தபோது டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "நிக்கட்டும்னு சொல்லிட்டாரு."

காத்திருந்தார்கள். மேகம் விலகுவதும் மூடுவதுமாக விளையாடியது. பாய்லர் இரண்டு பெரிய பாய்லர்களிலும் தீயைக் குறைத்து வைத்து, லாரிக்காரர்களோடு சிநேகமாகிவிட்டார். "முதலாளி, டீ!" என்று சித்தி சத்தமாகவே சொன்னார். முதலாளி பேக்கரிக்குப் போய் எல்லாருக்கும் டீயும், சூடு ஆறாத ரொட்டியும் வாங்கி வந்தார். அதிகாரியும் ஒரு துண்டைப் பிய்த்து டீயில் நனைத்தார்.

அக்காவிடம் அவர் கேட்டது கொஞ்சம்தான். யாருக்கு எவ்வளவு சம்பளம், லாரிக்காரர்கள் தப்புச் செய்தால் என்ன செய்வீர்கள், இந்த வேலை முடிந்ததும் கூட்டு தொடருமா. அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே கண்ணைச் சாலையில் வைத்திருந்தார்.

"உங்க கணவர் உங்கள அக்காங்கறாரே?"

அக்கா முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினார். "யாரு, அவரா? எப்ப?"

"இப்பத்தான். போடலாமான்னு கேட்டாங்க. அக்காவைக் கேக்கணும்னாரு."

அக்கா முதலாளியைத் தேடிப் பார்த்தார். அவர் டீக் குவளைகளைப் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தார். அக்கா சிரிப்பை அடக்கி உதட்டை மடித்துக்கொண்டார்.

வெயில் வந்தது. இரண்டாவது தாளிலும் லேசாக வியர்வை. மூன்றாவது தாள், பேப்பரைப்போல் உலர்ந்து வந்தது. அக்கா அதை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

"போடுங்க."

லாரியிலிருந்து கோடு இழுக்கிற பெட்டிக்குள் இறங்கியது, சுண்டக் காய்ச்சிய பால்போல் கெட்டியான வெள்ளை. அக்கா பெட்டியின் கைப்பிடியைத் தானே பிடித்து முதல் பட்டையை இழுத்தார். பின்னால் நடக்காமல், பக்கவாட்டில், நூல் விட்ட கோட்டைக் கால் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே போகிற நடை அது. பெட்டி போன இடத்தில் சாலைமேல் சுடச்சுட ஒரு பட்டை, ஓரம் கத்தியால் வெட்டினதுபோல். சித்தி பின்னாலேயே குனிந்து மணிகளைத் தூவினார். விழுந்த மணிகள் மின்னி, பாதி புதைந்து நின்றன. அடுத்த பட்டையை டையின் ஆட்கள் இழுத்தார்கள். அக்கா ஒரு தடவை "நிறுத்து" என்றார், நின்றது. "ம்" என்றார், நகர்ந்தது. தெருவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பட்டைகள் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன.

ஆறியதும் அதிகாரி வந்து செருப்பு நுனியால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். குனிந்து நகத்தால் கிள்ளிப் பார்த்தார். வரவில்லை. பிறகு, தேவை இல்லாமலே, அந்தக் கரைக்குப் போய், கோட்டின்மேல் நடந்து திரும்பி வந்தார்.

புறப்படுமுன் ஒவ்வொருவரிடமும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார். முதலாளியின் முறை வந்தது.

"இங்க உங்க வேலைன்னு என்ன எழுதட்டும்?"

"டிரைவர்."

"எல்லாரும் முதலாளின்னு கூப்பிடுறாங்களே."

"அது பேருங்க மேடம். இது வேலை."

அதிகாரி எழுதினார். எழுதும்போது சிரித்தாரா என்பதை, வெயிலுக்கு விரித்துத் தோளில் சாய்த்திருந்த குடை மறைத்துவிட்டது. முதலாளி தன் வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்து ஒரு கையெழுத்துப் போட்டதில்லை.

அன்று மாலை வீட்டில் வரைபடம் விரித்த மேசையில் மூன்று தட்டுகள். மகளுக்குச் சித்தி மூலமாகச் செய்தி முன்பே வந்திருந்தது. அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் நோட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். முதலாளி எதையும் கவனிக்காதவர்போல் கை கழுவிக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது, வெகு சாதாரணமாக.

"தம்பி, சோறு ஆறுது. சாப்பிட வா."

மகள் நாற்காலியிலிருந்து விழாத குறை. முதலாளி ஈரக் கையோடு வந்து, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். அக்கா அவர் தட்டில் முட்டையை வைத்தார். ஒன்று வைத்துவிட்டு, இன்னொன்றும் வைத்தார்.

புகாரைத் தள்ளிவிட்டதாக அரசிடமிருந்து தகவல் வந்தது. வேலை தொடங்கிய முதல் நாள், ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்து வாசல். நூல் விட்டாயிற்று, தாள் உலர்ந்து வந்தாயிற்று, கூம்புகள் வரிசையாக நின்றன. லாரியின்மேல் ஏறி நின்ற டை, டை இல்லாத கழுத்தோடு, தெருவின் அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார்:

"அக்கா, போடலாமா?"

அக்கா குனிந்து சாலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"போடுங்க."

முதலாளி டீ வாங்கப் போனார்.